மாடத்தி கொண்டுவந்த நாற்பத்து மூணு காசு

பேனாவை எடுங்க ரைட்டர் ஐயா. பேரு சங்கரவடிவு, வயசு நாற்பத்தேழு, முள்ளிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள்ள தள்ளுவண்டியில கொய்யாப்பழம் விக்கிறேன். என் மேல ஒரு கேஸ் போடணும், அதுக்குத்தான் வந்திருக்கேன். அடுத்தவ மேல இல்ல, என் மேல. வெயில்ல நின்னு மண்டை குழம்பிப்போச்சான்னு பார்க்காதீங்க, எனக்கு மண்டை இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. நேத்தும் வந்தேன், முந்தாநாளும் வந்தேன், வாசல்ல நிக்கிற போலீஸ்காரத் தம்பி, "அக்கா, பழைய ரைட்டர் மாறிப் போயிட்டாரு, புதுசா ஆள் வந்ததும் வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டான். இப்ப நீங்க வந்துட்டீங்க. தர்மபுரிப் பக்கமாமே உங்களுக்கு, அப்ப எங்க ஊர்ல காசு பேசுற விஷயம் தெரிஞ்சிருக்காது. முதல்லருந்து சொல்றேன், விடாம எழுதிக்கிட்டு வாங்க.

போன பங்குனியில கள்ள அஞ்சு ரூபாய்க் காசு ஊருக்குள்ள வந்துச்சு. எங்கருந்து வந்துச்சு, எவன் அடிச்சான்னு ஒருத்தரும் கேக்கல, வந்த காசை அடுத்தவன் தலையில கட்டுறதுக்கே ஊருக்கு நேரம் பத்தல. பார்த்தா நல்ல காசு மாதிரியேதான் இருக்கும், கொஞ்சம் மங்கல், கனம் ஒரு பொட்டு குறைச்சல். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில நம்பி அண்ணாச்சி டீக்கடையில, ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் கடைசி மடக்கு டீயை வாயில வெச்சுக்கிட்டே ஒரு காசை எடுத்துக் கல்லு மேசையில போட்டாரு. அது ரெண்டு சுத்து சுத்திப் படுத்துச்சு, படுத்ததும் ஹெட்மாஸ்டர் குரல்லயே, பிரேயர்ல பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்ற அதே கனத்த குரல்ல, "இந்தக் கூட்டத்துல இவன் எங்க கவனிக்கப்போறான், தள்ளிவிட்ருவோம்"னு சொல்லுச்சு. நம்பி அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கிட்டே, "சார், வேற காசு கொடுங்க"ன்னாரு. அவரும் வேற காசு கொடுத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாரு. ஊர்ல அன்னிக்கு நடந்தது அவ்வளவுதான், மத்தியானம் மழை வருமா வராதான்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டிருந்தோம்.

சாயங்காலத்துக்குள்ள நாலு இடத்துல காசு பேசிருச்சு, வாரம் முடியுறதுக்குள்ள அதோட வழக்கம் எங்க எல்லாருக்கும் பிடிபட்டுப்போச்சு. கள்ளக்காசுன்னு தெரிஞ்சே, ஏமாத்தணும்னு நினைச்சே ஒருத்தர் அதைத் தள்ளிவிட்டா, அந்தக் காசு கெட்டியான இடத்துல விழுந்து கணீர்னு கேக்கவேண்டிய நேரத்துல, கடைசியா அப்படித் தள்ளிவிட்டவரோட குரல்ல, தள்ளின நிமிஷம் அவர் மனசுல நினைச்சதை அப்படியே சொல்லும். தெரியாமக் கொடுத்தவங்க குரல் அதுல ஏறாது. "இது கள்ளக்காசு, பார்த்துக்கோ"ன்னு சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் இல்லாத புத்தி அந்தப் பித்தளைத் துண்டுக்கு இருந்துச்சு ஐயா.

நியாயமா என்ன பண்ணியிருக்கணும்? கள்ளக்காசு வந்தா இங்க ஸ்டேஷன்ல கொண்டாந்து ஒப்படைச்சிருக்கணும். எங்க ஊரு என்ன பண்ணுச்சு தெரியுமா? சத்தம் வராம காசு கொடுக்கக் கத்துக்கிட்டுச்சு. நம்பி அண்ணாச்சி கல்லு மேசை மேல லாரி டியூபை வெட்டி ஒட்டினாரு, மளிகைக் கடையில கல்லாப்பெட்டிக்குள்ள கோணிச்சாக்கு, பஸ் கண்டக்டர் பைக்குள்ள துண்டு, அம்மன் கோயில் உண்டியலுக்குள்ள இலவம்பஞ்சு, அதுவும் தர்மகர்த்தா தன் சொந்தச் செலவுல மெத்தைக்காரனைக் கூட்டியாந்து அடைச்சது. சர்ச்சுல காணிக்கைப் பை முன்னாலயே வெல்வெட்டுத்தான், அவங்களுக்குக் கவலை இல்லாமப் போச்சு. கிரிக்கெட் ஆடுற பசங்க காசு சுண்டிப் போடுறதை விட்டுட்டுப் பூவரச இலையைத் தூக்கிப் போட ஆரம்பிச்சாங்க, ஏன்னா ஒருநாள் டாஸ் போட்ட காசு தரையில விழுந்து கேப்டனோட அப்பா குரல்ல பேசித் தொலைச்சிருச்சு. மாடி வீட்டுல ஒருத்தர் மனசை வெறுமையா வெச்சுக்கிறதுக்குப் பத்து நாள் வகுப்பு எடுத்தாரு, ஐந்நூறு ரூபா, கூட்டம் தாங்கல. நீங்க அந்த மாசம் எங்க கடைத்தெருவுல நடந்து வந்திருந்தீங்கன்னா காசு சத்தமே கேட்டிருக்காது, எல்லாம் கைக்குக் கை, மெத்து மெத்துன்னு, அவ்வளவு மரியாதையா இருக்கும். கள்ளக்காசு மட்டும் ஒண்ணுகூடக் குறையல.

சத்தம் கேட்டது ஒரே ஒரு இடத்துலதான். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துல.

அங்க காசு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தவ பேரு மாடத்தி. என் வண்டிக்கு நேர் எதிர்ல, பத்தடி தூரம். உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல எவர்சில்வர் தட்டு. காலையில அஞ்சு மணிக்கு வந்து உள்ள கழுவிவிட்டு பினாயில் ஊத்திட்டு உக்காந்தான்னா ராத்திரி எட்டுக்குத்தான் எந்திரிப்பா. புருஷன் சாக்கடைக்குழியில இறங்கிச் செத்துப்போனவன், பிள்ளை குட்டி கிடையாது. எங்க தெரு வழியாச் செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கக்கூடாதுன்னு எங்க பெரியவங்க வெச்சிருந்தாங்களே, அந்த ஜனம். இப்ப அப்படியெல்லாம் இல்ல, எல்லாரும் சமம்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா அவ கையில யாரும் காசு வைக்க மாட்டாங்க. தட்டுல போடுவாங்க. வைக்கிறது இல்ல ஐயா, ஒரு சாண் மேல இருந்து போடுறது, விரல் தப்பித்தவறித் தட்டுலகூடப் பட்டுரக்கூடாதுன்னு. பத்து வருஷமா நானும் அப்படித்தான் போட்டேன். அதுல தப்பு இருக்குன்னு எனக்குத் தோணினதே இல்ல, தோணியிருந்தா இங்க வந்து நிக்கிற நிலைமை வந்திருக்குமா?

ஊர் பூரா டியூபும் பஞ்சும் ஒட்டிக்கிட்டவங்க, இங்க வந்ததும் பழக்கதோஷத்துல மேல இருந்து போட்டாங்க. தட்டு பேசுச்சு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பேசுச்சு. "இவளுக்கு என்ன தெரியும்." "கக்கூஸ்காரிக்கு இது போதும்." "அவசரத்துக்கு வந்தவங்ககிட்ட இவ என்ன கேக்கப்போறா." பெரிய பெரிய மனுஷங்க குரல். மாடத்தி தலையைத் தூக்காமலே, "அண்ணாச்சி, வேற காசு போடுங்க," "டீச்சர், வேற காசு போடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவ முகத்துல கோவத்தை நான் பார்க்கல. எனக்கு வந்துச்சா கோவம்? வேடிக்கை பார்த்தேன், சிரிச்சேன், வீட்டுக்குப் போய் யார் யார் குரல் கேட்டுச்சுன்னு மருமககிட்டக் கதை சொன்னேன்.

அப்புறம் ஊரு யோசிச்சுச்சு. தட்டுல போட்டாத்தானே பேசும், கையில வெச்சுட்டா? முதல்ல யார் வெச்சாங்கன்னு தெரியல, மூணே நாள்ல எல்லாரும் வெச்சாங்க. ஜவுளிக்கடை முதலாளி குனிஞ்சு, அவ உள்ளங்கையை நீட்டச் சொல்லி, காசை வெச்சு, விரலை மடக்கிவிட்டுப் போறாரு. ஆஸ்பத்திரி நர்ஸ் "வாங்கிக்கோங்கம்மா"ங்குறா. அம்மாவாம்! அதுவரைக்கும் "ஏ, இந்தா"தான். தொட்டாத் தீட்டுன்னு நினைச்ச கைகள் எல்லாம் வரிசை கட்டி வந்து அவ கையைத் தொட்டுச்சு, அஞ்சு ரூபாய்க்காக.

அதை அவ என்னன்னு எடுத்துக்கிட்டா தெரியுமா? ஒருநாள் சாயங்காலம் என் வண்டிக்கு வந்து, தினமும் வாங்குற அந்த ஒரு பழத்தை வாங்கிக் கடிச்சுக்கிட்டே, "அக்கா, இதுவரைக்கும் எத்தனை பேரு கை பட்டுச்சு தெரியுமாக்கா? முப்பதுக்கு மேலக்கா. ஊரு மாறிப்போச்சு, என்ன?"ன்னா. சிரிச்சா ஐயா. பத்து வருஷத்துல அவ சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான். எனக்கு விஷயம் தெரியும். "போடி பைத்தியக்காரி, உன்னை ஏமாத்துறாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு என் வியாபாரத்துல ஒரு மங்கல் காசு வந்துச்சு. வீட்டுல ஆட்டுரல் மேல போட்டுப் பார்த்தேன், கோவில்பட்டி பஸ் டிரைவர் குரல்ல, "கொய்யாக்காரி கணக்குப் பார்க்கவா போறா"ன்னுச்சு. எடுபட்ட பய! அவனைத் திட்டித் தீர்த்தேன். திட்டிட்டு மறுநாள் காலையில கழிப்பிடத்துக்குப் போனப்ப அந்தக் காசை மாடத்தி உள்ளங்கையில வெச்சு, அவ விரலை நானே மூடிவிட்டேன். "என்னக்கா, நீங்களுமா?"ன்னு சந்தோஷமாக் கேட்டா, நான் தொட்டதுக்கு. எழுதிக்கிட்டீங்களா? தேதி சித்திரை ஒன்பது. காலையில ஆறே முக்கால்.

கழிப்பிடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சிவனணைஞ்சபெருமாள். அவர் விவரமான ஆளு, ராத்திரி வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு வசூல் காசு ஒவ்வொண்ணையும் கருங்கல் படியில போட்டுப் பார்ப்பாரு. பேசுற காசை மறுநாள் காலையில மாடத்தி மடியில விட்டெறிஞ்சு, "இதெல்லாம் கள்ளக்காசு, உன் சம்பளத்துல கழிச்சுக்கிட்டேன்"னுருவாரு. அப்படி மூணு வாரத்துல நாற்பத்து மூணு காசு அவகிட்டச் சேர்ந்துச்சு. அவ நினைச்சிருந்தா அதை வேற எங்கயாவது தள்ளிவிட்டிருக்க முடியாதா? ரேஷன் கடையில கொடுத்திருக்கலாம், என்கிட்டயே பழம் வாங்கிட்டுக் கொடுத்திருக்கலாம், நான் வாங்கிக் கோணிச்சாக்குல போட்டிருப்பேன். ஊர்ல அத்தனை பேரும் பண்ணினதை அவ ஒருத்திதான் பண்ணல. ஒண்ணைக்கூடத் தள்ளிவிடல. வீட்டு வாசல்படியில உக்காந்து ஒவ்வொரு காசாப் போட்டுக் கேட்டிருக்கா. தன் கையை யார் யார் தொட்டாங்க, எதுக்குத் தொட்டாங்கன்னு நாற்பத்து மூணு குரல்ல கேட்டிருக்கா. என் குரலையும் சேர்த்து.

மறுநாள் என் வண்டியைத் தாண்டிப் போனா. பழம் வாங்க நிக்கல, என்னைப் பார்க்கவும் இல்ல. கையில ஒரு மஞ்சப்பை. நேரா இங்க வந்தா ஐயா, இந்த ஸ்டேஷனுக்கு, இந்த மேசைக்கு.

பழைய ரைட்டர் உக்காந்திருந்தாரு. இவ பையை நீட்டி, "ஐயா, இதெல்லாம் கள்ளக்காசுங்க. எனக்கு நல்லாத் தெரியும். யார் யார் கொடுத்தாங்கன்னு இதுங்களே சொல்லும், போட்டுப் பாருங்க, விசாரிங்க"ன்னு சொல்லியிருக்கா. அந்த மனுஷன் பையை ரெண்டு கையிலயும் வாங்கி, பச்சைப்பிள்ளையைக் கிடத்துற பதமா மேசை மேல விரிச்ச துண்டுல வெச்சாராம். உள்ள இருக்கிற குரல்ல இன்ஸ்பெக்டர் குரலும் ஒண்ணுன்னு அவருக்குத் தெரியாதா? அப்புறம் கேட்டாராம், "கள்ளக்காசுன்னு உனக்குத் தெரியுமா?" "தெரியும் ஐயா." "தெரிஞ்சே எங்கிட்டக் கொடுக்கிறியா?" "கொடுக்கிறேன் ஐயா." அவ்வளவுதான். எழுதிட்டாரு. கள்ள நாணயம் என்று நன்கு அறிந்தே நாற்பத்து மூன்று நாணயங்களை அரசு ஊழியர் வசம் கொடுத்தாள். அன்னிக்கே ரிமாண்டு.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு சொல்லுவாங்க, எங்க ஊர்ல பாவம் ஊர் முழுக்க இருந்துச்சு, பழி ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில போய் உக்காந்துச்சு. ஊர் அதையும் செரிச்சுருச்சு. "ரொம்ப நாளாவே சந்தேகம்தான்"னாரு ஜவுளிக்கடை முதலாளி. "கள்ளக்காசு மாடத்தி"ன்னு பேரே வெச்சுட்டாங்க. கழிப்பிடத்துல வேற ஆளு உக்காந்தான், அவன் எங்க ஆளு, அவன் தட்டுல ஒரு துண்டு விரிச்சிருந்தான்.

இலவச சட்ட உதவியில அவளுக்கு ஒரு வக்கீலம்மா வந்துச்சு, ஜெபராணின்னு பேரு, சின்னப் பொண்ணு, வெளியூரு. அது என் வண்டிக்கு வந்து உக்காந்து சட்டத்தை எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுச்சு. "அக்கா, காசு வாங்குறப்பவே கள்ளம்னு தெரிஞ்சு, வேணும்னே அடுத்தவங்களுக்குத் தள்ளினா அது பெரிய குத்தம். வாங்குறப்பத் தெரியாம, பின்னால தெரிஞ்சு, தெரிஞ்சப்புறம் நல்ல காசுன்னு சொல்லித் தள்ளினா அது அதுக்கும் கீழ, ஆனா அதுவும் குத்தம்தான். மாடத்தியம்மா மேல ரெண்டாவதைப் போட்டிருக்காங்க. ஆனா அவங்க நல்ல காசுன்னு சொல்லிக் கொடுக்கலையே, கள்ளக்காசுன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க? அவங்ககிட்ட ஊர்க்காரங்கதான் தெரிஞ்சே கொடுத்தாங்கன்னு ஒருத்தர் வந்து கோர்ட்ல சொன்னாப் போதும், கேஸ் உடைஞ்சிரும். நீங்க எதிர்லயே உக்காந்திருக்கீங்க, பத்து வருஷமாப் பார்க்கிறீங்க. வருவீங்களா அக்கா?"

அந்த ரெண்டு குத்தத்துல நான் பண்ணினது எதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். ஆட்டுரல்ல போட்டுப் பார்த்தப்புறம்தானே கொடுத்தேன். நான் என்ன சொன்னேன்னு எழுதுங்க ஐயா, நாளைக்கு யாராவது படிக்கட்டும். "எனக்கு வண்டி இருக்கும்மா, பழம் அழுகிரும்"னு சொன்னேன். வக்கீலம்மா ரெண்டு பழம் வாங்கிட்டு, நோட்டாக் கொடுத்துட்டுப் போச்சு. அந்த நோட்டையும் நான் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன்.

விசாரணை அன்னிக்கு மட்டும் வண்டியை மூடிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். சாட்சி சொல்ல இல்ல, என் காசு அங்க வாயைத் திறந்துருமோன்னு பார்க்க. எல்லாரும் அதுக்குத்தான் வந்திருந்தாங்க, உக்கார இடம் இல்ல. கோர்ட்டு ஆளுங்க முன்னாலயே ஏற்பாடு பண்ணிட்டாங்க. மேசை மேல கனமான பச்சைத் துணி, சாட்சிப் பொருளுக்குப் பஞ்சு வெச்சுத் தைச்ச பை, தரை முழுக்க ஜமுக்காளம், கல்யாண மண்டபத்துலருந்து வாடகைக்கு எடுத்தது. மாஜிஸ்திரேட்டு ஐயா வெளியூர்க்காரர், எதுக்கு ஜமுக்காளம்னு கேட்டதுக்கு, "நீங்க வர்றீங்கன்னு ஒரு மரியாதைக்குங்க ஐயா"ன்னாங்களாம். ஒரே ஒரு இடத்துல மட்டும் விரிக்கல. மாடத்தி நிக்கிற கூண்டுக்குள்ள. அவ கால் படுற இடத்துக்கு எவன் ஜமுக்காளம் விரிப்பான்? அங்க வெறும் சிமிண்டுத் தரை.

வக்கீலம்மா எந்திரிச்சு, காசைக் கீழ போட்டுக் காட்டணும்னு கேட்டுச்சு. அரசு வக்கீல் எந்திரிச்சு, சாட்சிப் பொருள் சேதமாயிரும்னாரு. மாஜிஸ்திரேட்டு ஐயா, "போட வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவங்க கொடுத்த நாணயம்தானான்னு அவங்ககிட்டக் காட்டி அடையாளம் மட்டும் கேளுங்க"ன்னாரு. டவாலி குற்றாலிங்கம் பையை எடுத்துக்கிட்டுப் போனான். மாடத்தி ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினா. அவன் பையைக் கையில கொடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, இந்தக் கதையே முடிஞ்சிருக்கும். ஆனா ஐயா, அவன் அவனோட பாட்டன் பூட்டன் கொடுத்த வழக்கத்துல, விரல் பட்டுரக்கூடாதுன்னு, பையைத் திறந்து ஒரு சாண் மேல இருந்து அவ கையில கொட்டினான். சத்தம் வராமக் காசு கொடுக்க அவ்வளவு பாடுபட்டுக் கத்துக்கிட்ட ஊரு, அந்தக் கையைக் கண்டதும் எல்லாத்தையும் மறந்துபோச்சு. ஒரு காசு அவ விரலுக்கு இடையில வழுக்கிச் சிமிண்டுத் தரையில விழுந்துச்சு.

"போலீஸ்காரன்கிட்ட இவ என்னத்தைக் கேட்டுரப்போறா"ன்னுச்சு. இன்ஸ்பெக்டர் குரல். அந்தா உள் ரூம்ல இருக்காரே, அவர் குரல்தான். அவர் அப்ப முன் வரிசையில தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

மாஜிஸ்திரேட்டு ஐயா எழுதுறதை நிறுத்தினாரு. மாடத்தி அவரைப் பார்த்து, "ஐயா, மீதியும் இருக்கு"ன்னா. சொல்லிட்டு, கையைக் கூண்டுக்குள்ளயே தாழ்த்தி, ஒவ்வொரு காசா விட்டா. ஜவுளிக்கடை முதலாளி பேசினாரு, "கையில வெச்சு அமுக்கிட்டாச் சத்தம் வராது"ன்னு; ஹெட்மாஸ்டர் பேசினாரு, "டீக்கடையில செல்லாதது இங்க செல்லும்"னு; தர்மகர்த்தா பேசினாரு, "உண்டியல்ல போட்டா சாமி குத்தம், இவகிட்டப் போட்டா என்ன"ன்னு; நர்ஸ் பேசினா, "ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாள் மன்னிச்சிரும்"னு; காலேஜ் போற ஒரு பொண்ணு பேசுச்சு, "எல்லாரும்தானே போடுறாங்க"ன்னு; குற்றாலிங்கம் பேசினான், கையில வெறும் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன குற்றாலிங்கம், "எனக்கே பத்தல, இவளுக்கு எதுக்கு நல்ல காசு"ன்னு; அரசு வக்கீல் பேசினாரு, "தொட்டுட்டாப் போகுது, உள்ள தண்ணி இருக்கு, கழுவிக்கலாம்"னு. கழுவிக்கலாமாம்! அவ கழுவிவெச்ச தொட்டியில, அவ பிடிச்சுவெச்ச தண்ணியில, அவளைத் தொட்ட கையைக் கழுவிக்கலாமாம்! ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தலை குனிஞ்சுச்சு, ஒருத்தர் கைக்குட்டை எடுத்தாரு, ஒருத்தர் செல்போனைப் பார்த்தாரு, ஆனா எந்திரிச்சு "ஆமா, நான்தான்"னு ஒரு ஆம்பளை சொல்லல, ஒரு பொம்பளையும் சொல்லல. முப்பத்தெட்டாவதோ முப்பத்தொன்பதாவதோ, என் குரல் வந்துச்சு. "மாடத்திதானே, ஒண்ணும் சொல்லமாட்டா." வேற ஒண்ணும் இல்ல. அவ அப்ப மட்டும் தலையைத் தூக்கி, கூட்டத்துல என்னைத் தேடிப் பார்த்தா. நான் தூணுக்குப் பின்னால போயிட்டேன்.

தீர்ப்பு அன்னிக்கு மத்தியானமே. மாஜிஸ்திரேட்டு ஐயா கெட்டவர் இல்ல, அவருக்கு முகமே சரியில்ல. ஆனா என்ன படிச்சாருன்னு கேளுங்க. நாணயங்கள் சத்தியப் பிரமாணம் எடுக்கல, அதனால அதுங்க பேசினது சாட்சியம் ஆகாதாம். குற்றவாளி தன் வாயாலயே தெரியும்னும் கொடுக்கிறேன்னும் சொன்னது எழுத்துல இருக்காம். இருந்தாலும் ஏழைன்னு இரக்கப்பட்டு, கோர்ட்டு கலையுற வரைக்கும் காவலும், காசோட மதிப்புல பத்து மடங்கு அபராதமும், ரெண்டாயிரத்து நூத்தி ஐம்பது ரூபா, கட்டலைன்னா ரெண்டு மாசம் ஜெயிலு. வக்கீலம்மா மேசையில கையை வெச்சுக்கிட்டு அழுதுச்சு. அப்பீல் போகலாம்னு சொல்லுச்சு, அதுக்கு மாடத்தி, "இன்னொரு தடவை இவங்க குரலைக் கேக்க என்னால முடியாதும்மா"ன்னுட்டா.

தீர்ப்பைக் கேட்டதும் எங்க ஊருக்கு வந்துச்சு பாருங்க ஒரு கருணை! கோர்ட்டு வராண்டாவுல முண்டியடிச்சாங்க. ஜவுளிக்கடை முதலாளி, "முழு அபராதமும் நானே கட்டுறேன்"னாரு, தர்மகர்த்தா, "அதெப்படி, கோயில் கட்டும்"னாரு, ஹெட்மாஸ்டர் ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினாரு. தலைக்கு ஐம்பது போட்டாத் தீர்ந்துச்சு, நிம்மதியாத் தூங்கலாம், அவ்வளவு மலிவு. வெட்கங்கெட்ட ஜனம். அந்த முண்டியடிப்புல நானும் இருந்தேன், மடியிலருந்து ரெண்டு நூறு ரூபாயை எடுத்து அவகிட்ட நீட்டினேன்.

மாடத்தி எங்க யார்கிட்டயும் கையை நீட்டல. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா, சத்தமே போடாம, "நீங்க கொடுக்கிறது நல்ல காசுன்னு நான் எப்படிக்கா நம்புறது?"

"நல்ல காசுதாண்டி, சத்தியமா நல்ல காசுதான்"னேன்.

"சரி, வெச்சுக்கோங்க"ன்னுட்டு ஜெயிலுக்குப் போற போலீஸ் வேன்ல ஏறிட்டா.

இன்னியோட பத்தொன்பது நாள் ஆச்சு. ஊர்ல யாரும் அதைப் பேசுறதில்ல. கோர்ட்டு ஜமுக்காளத்தை மண்டபத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்க, போன முகூர்த்தத்துல அதுல உக்காந்துதான் எல்லாரும் மொய் எழுதினாங்க. கள்ளக்காசு இப்பவும் சுத்துது.

என்ன ஐயா, பேனாவை மூடிட்டீங்க? இவ்வளவு நேரமும் ஒண்ணும் எழுதாமத் தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருந்தீங்களா? பாதிக்கப்பட்டவங்க புகார் கொடுக்கணும்ங்கிறீங்க. பாதிக்கப்பட்டவ புகார் கொடுக்க வந்தவதான், அவளைத்தான் உள்ள வெச்சிருக்கீங்க. சாட்சி வேணும்ங்கிறீங்க. காசு சத்தியம் பண்ணலதான், நான் பண்றேன், எந்தச் சாமி மேல வேணும்னாலும் பண்றேன். "வீட்டுக்குப் போங்கம்மா, பெரிய இடமெல்லாம் இழுபடும்"ங்கிறீங்க. இழுபடட்டும், நான் பெரிய இடத்தைக் கேட்டு வரல, என் ஒருத்தியைத்தான் எழுதச் சொல்றேன். நாளைக்கும் வருவேன், அதுக்கு மறுநாளும் வருவேன், பழம் அழுகட்டும், வண்டி துருப்பிடிக்கட்டும். அவ வந்து நின்னப்ப உங்க ஆளுங்களுக்குப் புகாரும் வேண்டியிருக்கல, சாட்சியும் வேண்டியிருக்கல. ரெண்டே வார்த்தைதான் சொன்னா, மை காயுறதுக்குள்ள எழுதி முடிச்சுட்டாங்க. நானும் அதே ரெண்டு வார்த்தையை, அதே மேசைக்கு முன்னால நின்னு சொல்றேன். தெரியும். கொடுத்தேன்.

எழுதுங்க.